காக்கைகள் அலகைக் கழற்றும்வரை

நாகர்கோவிலில் பழைய ரப்பர் குடோன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மேடை கட்டி, நாற்காலி போட்டு, சிறுவர் நாடக அரங்கம் என்று பலகையும் மாட்டியவள் பெமிலா. வருஷா வருஷம் கிறிஸ்மஸ் லீவுக்கு, குடும்பத்தோடு வந்து பார்க்கிற மாதிரி ஒரு பாட்டு நாடகம் போடுவாள். குடும்பம் வரும், அதில் குறை சொல்ல முடியாது. மாமன், சித்தி, சித்தப்பா என்று ஒரு பிள்ளைக்கு ஒரு வேன் நிறைய வரும். ஆனால் தங்கள் பிள்ளை மேடையேறி இறங்கியதும் அந்த வேன் கிளம்பிவிடும். மூன்று ராஜாக்கள் பொன்னையும் தூபத்தையும் வைத்துவிட்டு உள்ளே திரும்பினால் போதும், மூன்று வரிசை காலி. ராஜாவைக் கிரீடத்தோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கேட்டால் கீரிப்பாறை பஸ் போய்விடும் என்பார்கள். சொந்தக் காரில் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

எந்த நாடகமும் அதன் கடைசிப் பாட்டுக்காகத்தான் எழுதப்படுகிறது என்று நினைப்பவள் பெமிலா. அவளுடைய கடைசிப் பாட்டுகளை இதுவரை கேட்டவை பெரும்பாலும் நாற்காலிகள்தான். அப்புறம் அவற்றை அடுக்க வந்த ஆள். போன வருஷம் அவரும் பொறுமை இழந்து, பாட்டு பாதியில் இருக்கும்போதே அடுக்கத் தொடங்கிவிட்டார்.

ஆகவே இந்த வருஷம் ஒரு தந்திரம் செய்தாள். கிறிஸ்து பிறந்த தொழுவத்தில் ஆடு உண்டு, மாடு உண்டு, கழுதை உண்டு, எங்கிருந்தோ வந்த ஒட்டகத்துக்குக்கூட இடம் உண்டு. காக்கைக்கு மட்டும் கிடையாது. யாரும் கூப்பிடாத அந்தக் காக்கைகள், ஊரெல்லாம் திருடிச் சேர்த்த கரண்டி, சோப்புத் துண்டு, ஒற்றைக் கம்மல் எல்லாவற்றையும் குழந்தைக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவதுதான் கதை. மரியாளும் இல்லை, யோசேப்பும் இல்லை. அதனால் யார் பிள்ளை மரியாள் என்ற வருஷாந்தரச் சண்டையும் இல்லை. நடிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் காக்கைகள். தலையை முழுக்க மூடும் கறுப்பு முகமூடி, நீண்ட அலகு, கணுக்கால்வரை கறுப்பு அங்கி. ஒத்திகைக்கு வந்த தாய்மார் கால்விரலைப் பார்த்தே தங்கள் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மறுநாளே எல்லாக் காலுக்கும் கறுப்பு சாக்ஸ் வந்தது.

கடைசிப் பாட்டில் குழந்தை தூங்கிய பிறகு, அலகு அதைக் குத்திவிடக் கூடாது என்று காக்கைகள் முகமூடியைக் கழற்றும். அதுவரை எது யாருடைய காக்கை என்று தெரியாது. தெரியாதவர்கள் எழுந்து போகவும் முடியாது. மேடையில் எங்கே நிற்போம் என்பதை வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

நாடகத்தன்று கதவு திறக்கும் முன்பே வந்து நின்றவன் அல்போன்ஸ். இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரைக்காரன், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மகள் ஜினிஷா மேடையேறியதை அவன் ஒருதடவைகூட நேரில் பார்த்ததில்லை. மனைவி லீமா போனில் எடுத்து அனுப்புவதைத்தான் பார்த்திருக்கிறான். லீமா தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். பண்டிகை நாளில் டியூட்டியை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காமல் அவள் வரவில்லை.

"டீச்சர், ஜினிஷா எந்தப் பக்கம் நிப்பா? வீடியோ எடுக்கணும். நியூ இயர் கழிஞ்சா நான் போயிருவேன், பின்ன எப்ப வருவேன்னு தெரியாது."

"அது சொல்லப்பிடாதுல்லா அல்போன்ஸ். எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

"பேரு ஒண்ணும் சொல்லாண்டாம். வலதா எடதான்னு கையக் காட்டுனா போதும்."

"கடைசியில அவளே முகத்தக் காட்டுவா. அதுவர இருங்க."

அவன் கோபப்படவில்லை, சிரித்தான். "செரி, விடுங்க. முகமூடி போட்டா என்ன டீச்சர், எனக்க பிள்ளைய எனக்குத் தெரியாமலா போவும்?"

இடது பக்கம், இரண்டாவது வரிசை. வாய்வரை வந்ததை பெமிலா விழுங்கிக்கொண்டாள். ஒருவனுக்குச் சொன்னால் ஊருக்கே தம்பட்டம் அடித்த மாதிரி.

நாடகம் தொடங்கியது. பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்று பெமிலா மேடையைப் பார்க்கவில்லை, நாற்காலிகளைத்தான் பார்த்தாள். ஒருவரும் எழவில்லை. கைக்குழந்தை வீறிட்டால் மடியிலேயே போட்டு ஆட்டினார்கள். கீரிப்பாறை பஸ் அன்றைக்கு யாருக்கும் நினைவில்லை. எல்லாத் தகப்பன்மாரும் போனைத் தூக்கிப் பிடித்து, இதுவா அதுவா என்று இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். பெமிலாவுக்கு உச்சி குளிர்ந்தது.

ஒரே ஒரு போன் மட்டும் ஆடாமல் நின்றது. வலது ஓரத்தில் மேடையை ஒட்டி நின்ற அல்போன்ஸின் போன் அது. அவன் எதிரே முன்வரிசையில் ஆடியவள் லிஜா. ஜினிஷாவுக்கு ஒரு வகுப்பு மூத்தவள், உயரம் இருவரும் ஒன்றுதான். ஆட்டத்தில் சூட்டிகை, குரலும் அவளுக்குத்தான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அல்போன்ஸ் அதைத் தலைகீழாக்கிவிட்டான். எது பொன்குஞ்சாகத் தெரிந்ததோ, அதுவே தன் குஞ்சு என்று முடிவுகட்டிக்கொண்டான்.

முகமூடிக்குக் கண்ணில் இரண்டு ஓட்டை உண்டு. இடது பக்கக் கும்பலில் சோப்புத் துண்டைத் தூக்கிக்கொண்டு நின்ற ஜினிஷா, தன் அப்பா எங்கே பார்க்கிறார் என்பதைக் கண்டுகொண்டாள். அடுத்த பாட்டில் ஒரு காக்கை இடம் தவறியது. எல்லாரும் இடப்புறம் திரும்பினால் அது வலப்புறம் நகர்ந்தது. இரண்டு காக்கைகளை இடித்தது, சோப்பைக் கீழே போட்டது, எடுத்துக்கொண்டு மறுபடி நகர்ந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். வழி தெரியாத காக்கா என்று யாரோ சொல்ல, இன்னும் சிரித்தார்கள். பெமிலா திரைக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு, போ போ என்று சைகை காட்டினாள். அது அவளைப் பார்க்கவே இல்லை.

ஒருவழியாக அந்தக் காக்கை லிஜாவுக்கு முன்னால் வந்து, அல்போன்ஸின் போனுக்கு நேராக இரண்டு சிறகையும் விரித்து நின்றது.

அல்போன்ஸ் போனை விலக்காமலே இடது கையை நீட்டி அதை விரட்டினான். மணலில் காயப்போட்ட மீனிலிருந்து காக்கையை விரட்டுகிற மாதிரி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ரெண்டு தரம்.

காக்கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு சிறகை மடக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனது. அந்தப் பாட்டு முடியும்வரை ஒரு அடிகூடத் தப்பாமல் ஆடியது.

ஒரு கையைக் காட்டியிருக்கலாம். வலது, இடது, அவ்வளவுதான். நாற்காலி காலியாகக் கூடாது என்பதற்காக ஒரு பிள்ளையைத் தகப்பனே விரட்டும்படி செய்துவிட்டோமே என்று பெமிலாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

கடைசிப் பாட்டுக்கு முன் விளக்கை அணைத்துத் தொட்டிலைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்த இடைவெளியில் காக்கைகள் எல்லாம் உள்ளே வந்தன. ஜினிஷா நேராக லிஜாவிடம் போய் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"லிஜாக்கா, கடைசிப் பாட்டுக்கு நான் ஒனக்க எடத்துல நிக்கட்டா?"

"எதுக்கு?"

"அப்பா அங்கனதான் பாத்துட்டு நிக்காரு."

லிஜா பெமிலாவைப் பார்த்தாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டு தாலாட்டுப் பாடுகிற காக்கை அவள்தான். தனிக்குரல். அந்த ஒரு பாட்டைக் கேட்க ஆள் இருக்க வேண்டும் என்றுதான் முகமூடியும் சாக்ஸும் சத்தியமும். அரங்கம் முதல்முறையாக நிறைந்திருக்கிறது. தொட்டில் பக்கம் ஒருநாள்கூட நின்று பழகாத பிள்ளையை இப்போது அங்கே நிறுத்துவதா என்று பெமிலாவின் நாடக புத்தி கேட்டது. ஆனால் அல்போன்ஸ் நீட்டிய அந்தக் கை அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"லிஜா, மைக் முகமூடிக்குள்ள ஒனக்க காதுலயே இருக்கட்டு. நீ பின்னால நின்னு பாடு. தொட்டில அவ ஆட்டட்டு," என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. "ஒனக்க அம்மையும் பாக்க வந்திருக்காளே மக்கா."

"அதுக்கென்ன டீச்சர். அம்மைக்கு எனக்க சத்தம் தெரியும்," என்று சொல்லிவிட்டு லிஜா இடதுபக்கம் இரண்டாவது வரிசைக்குப் போனாள்.

"கரையத்தான் தெரியும் கண்ணே, எனக்குத் தாலாட்டத் தெரியாது" என்று பாட்டு தொடங்கியது. ஒரு நாற்காலி கிரீச்சிடவில்லை. இத்தனை வருஷம் ஏங்கிய அமைதி அது. பெமிலாவால் அதை அனுபவிக்க முடியவில்லை. தொட்டிலைப் பிடித்த கைகள் பாட்டுக்குக் கொஞ்சம் பிந்தியே ஆடின. அதை யாரும் கவனிக்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் தொட்டிலைப் பார்க்காமல், பின்னால் நின்ற காக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றிடம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. காக்கைகள் அலகைக் கழற்றின. அரங்கம் சந்தைக்கடை ஆனது. அந்தா நிக்கான், இந்தா நிக்கா என்று ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையைத் தேடும்போது, மைக் யாருடைய காதில் இருக்கிறது என்று பார்க்க யாருக்கு நேரம்? தொட்டில் பக்கத்தில் வியர்த்த முகத்தோடு ஜினிஷா நின்றாள். அல்போன்ஸ் பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினான். "கண்டியளா? மொதப் பாட்டுலேர்ந்தே சொன்னேம்லா, அதுதான் எனக்க பிள்ளைன்னு."

கூட்டம் கலைந்து வாசலுக்கு வந்தபோது அவன் பெமிலாவைத் தேடி வந்தான். ஒரு கை மகளின் தோளில், ஒரு கையில் போன்.

"நீங்க சொல்லாட்டாலும் கண்டுபிடிச்சேனா டீச்சர்? பாருங்க, எப்பிடி ஆடியிருக்கா."

திரையில் லிஜா ஆடினாள். பெமிலா பார்த்தாள். ஜினிஷாவும் எட்டிப் பார்த்தாள். ஓரத்திலிருந்து ஒரு காக்கை உள்ளே வந்து குறுக்கே நின்றது. அல்போன்ஸின் கை வந்து அதை விரட்டியது.

"இது ஒண்ணு எடையில வந்து கெடுத்துப் போட்டு," என்று சொல்லிச் சிரித்தவன், பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "பாவம். யாரு பெத்த பிள்ளையோ."

பெமிலா வாயைத் திறந்தாள். அதற்குள் ஜினிஷா சொல்லிவிட்டாள். "அது புதுசா சேந்த பிள்ளப்பா. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"அதுக்க அப்பனும் வந்திருப்பாம்லா," என்றான் அல்போன்ஸ். "எனக்க பிள்ள எங்க, எங்கன்னு பாத்துட்டே இருந்திருப்பான்."

"ஆமாப்பா," என்றாள் ஜினிஷா.