பெரியவர் இன்னும் நடக்கிறார்

காலை ஏழரை மணி. சின்னவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ரொட்டித் துண்டில் வெண்ணெயைத் தடவி, அதன் மேல் சர்க்கரையைத் தூவிக்கொண்டிருந்தார். மனைவி வெள்ளரித் துண்டுகள் வைத்த கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பேசாமல் அதை அவள் பக்கமே திருப்பி நகர்த்தினார். தினமும் நடப்பதுதான். கிண்ணம் இரண்டு மூன்று முறை போய் வந்துவிட்டு, மேசையின் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும்.

அப்போது கைபேசி ஒளிர்ந்தது.

"பெரியவர் இன்று 5,816 காலடிகள் நடந்துவிட்டார். நீங்கள்?"

சின்னவரின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பெரியவர் என்பது அவருடைய அண்ணன். அண்ணன் இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

"யாருங்க?" என்றாள் மனைவி.

"யாருமில்ல. விளம்பரம்."

கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்து வைத்த பிறகும் அதன் விளிம்பில் சிறிது நேரம் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.

இது முதல் முறை அல்ல. அண்ணன் இருந்தபோது வந்ததுபோலவே, அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்தும் இந்தச் செய்தி வந்துகொண்டிருந்தது. ஏதோ பழைய தகவல் தாமதமாக வருகிறது என்று முதலில் நினைத்தார். ஆனால் எண்ணிக்கை தினமும் மாறியது. காலையில் ஆறாயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மாலையில் பதினாலாயிரத்தைத் தொடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும், "பெரியவர் இன்று நடக்கவில்லை. நீங்கள்?" என்று வரும். இறந்தவர் வாரத்தில் ஆறு நாள் நடந்து, ஒரு நாள் ஓய்வெடுத்தார்.

பெரியவர் ஒரு பெரிய நிறுவனத்தில் கொள்முதல் அதிகாரியாக இருந்தவர். பதினெட்டு மாடிக் கட்டடம். ஊழியர்கள் உட்கார்ந்தே நோயாளிகளாகிறார்கள் என்று நிர்வாகம் கவலைப்பட்டு, எல்லோருக்கும் காலடிகளை எண்ணும் கைப்பட்டை ஒன்றைக் கொடுத்தது. ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் வாசலில் ஒரு சிறு பெட்டி. பட்டை கட்டியவர் அதைக் கடக்கும்போதெல்லாம் எண்ணிக்கை தானாகப் பதிவாகிவிடும். ஆண்டு முடிவில் அதிகம் நடந்தவருக்குக் கேடயம். மூன்று ஆண்டுகளாகக் கேடயம் பெரியவருக்குத்தான். அலுவலகத்தில் அவருக்கு 'நடைக்காரர்' என்றே பெயர் வந்துவிட்டது.

அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே ஒரு பெருமை இருந்தது. அந்த வீட்டு ஆண்கள் மாத்திரை விழுங்கியதில்லை, மருத்துவர் வாசலை மிதித்ததில்லை என்பார்கள். நிமிர்ந்த முதுகும் அகன்ற தோளுமாக நான்கு தலைமுறை வாழ்ந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். குடும்பப் பெருமை பேசுவதில் பிழையில்லை. ஆனால் பேசும் பெருமை உண்மையா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும். அதை அங்கே யாரும் செய்யவில்லை.

"நீயும் இதுல சேருடா. நான் நடக்கறதப் பார்த்தாவது உனக்கு ரோஷம் வரட்டும்" என்று பெரியவர்தான் தம்பியின் கைபேசியைத் தன் பட்டையோடு இணைத்து வைத்தார். சின்னவருக்கு ரோஷம் வந்தது. நாலு மாதம் நடந்தார். ஆறாயிரம், ஏழாயிரம். அண்ணனின் பதினாலாயிரத்தை எட்டவே முடியவில்லை. "என்னடா, ஆமை இன்னைக்கு ஓட்டுக்குள்ள பூந்துக்கிச்சா?" என்று அண்ணன் கிண்டல் செய்வார். ஒரு நாள் சின்னவர் சலித்துப்போய் நிறுத்திவிட்டார்.

பிறகு, ஐம்பத்தொரு வயதில், ஒரு மதிய நேரத்தில், பெரியவர் தன் மேசையிலேயே சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. "இவருக்கு சர்க்கரை இருந்ததா?" என்று மருத்துவமனையில் கேட்டார்கள். "எங்க வீட்டுல யாருக்கும் கிடையாது" என்று சின்னவரே பதில் சொன்னார்.

அப்படிச் சொன்னபோது அவருடைய சொந்த ரத்தப் பரிசோதனை அறிக்கை, அவர் அலுவலகத்தில் வரைபடங்களைப் போட்டு வைக்கும் குழலுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சர்க்கரை, இருக்க வேண்டிய அளவைப்போல இரண்டரை மடங்கு. "கண்ணுல ஆரம்பிச்சாச்சு சார். சாப்பாட்ட மாத்துங்க, தினமும் நடங்க, மாத்திரைய விடாதீங்க. இப்பவே" என்று மருத்துவர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. மனைவிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

"வாங்க, ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்" என்று மனைவி அன்றும் கூப்பிட்டாள்.

"எதுக்கு? அண்ணன விடவா நான் நடந்துடப் போறேன்? தினம் பதினாலாயிரம். வீட்டுல பச்சைக் காயத் தவிர வேற எதையும் தொடல. என்னத்தக் கண்டார்? வர்றது வந்தே தீரும்."

அண்ணனின் சாவு அந்த வீட்டில் அவளுடைய எல்லா வாதங்களையும் கொன்றுவிட்டிருந்தது.

சின்னவர் கட்டட வரைபடம் வரைபவர். படிக்கட்டு வரைவதில் கெட்டிக்காரர். அத்தனை படிகளையும் வரைந்துவிட்டு இரண்டாம் மாடிக்கே லிஃப்டில் போவார். அன்று திரையில் கோடுகள் கலங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். தான் வரைந்த வெறும் படிகளில் யாரோ நிதானமாக ஏறிப் போவதுபோல் இருந்தது. நீல நிறச் சட்டை, அகன்ற முதுகு. மேசையில் கைபேசி ஒளிர்ந்தது. ஒன்பதாயிரத்து நானூறு.

அவர் விரலால் பழைய எண்ணிக்கைகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். சென்ற மழைக்காலத்தில் ஒரு வாரம் வந்ததும் விரல் நின்றது. அந்த வாரம் பெரியவர் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். சின்னவரே கஞ்சி எடுத்துப் போய்க் கொடுத்தார். அந்த வாரத்துத் திங்கள், பதின்மூவாயிரம். செவ்வாய், பதினாலாயிரத்து இருநூறு. புதன், பதினாலாயிரம்.

சின்னவர் நேரே அண்ணி வீட்டுக்குப் போனார்.

அண்ணி கதவைத் திறந்தாள். கூடத்துச் சுவரில் மூன்று கேடயங்களும் துடைத்து வைத்ததுபோல் பளபளத்தன. "வாங்க தம்பி. நானே கூப்பிடணும்னு இருந்தேன். அவர் ஆபீஸ்ல இருந்து பேசினாங்க. இந்த வருஷத்துக் கேடயமும் அவருக்குத்தானாம். இனிமே அந்தக் கேடயத்துக்கே அவர் பேர வைக்கப் போறாங்களாம். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு விழா. படிக்கட்டுகிட்ட படம் மாட்டறாங்களாம்."

"அண்ணி, அண்ணன் கைப்பட்டை எங்க?"

அவள் முகம் மாறியது. "அத வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்கன்னு சொல்லுவார். நான் அத அவர் கையில பார்த்ததே இல்ல."

"காய்ச்சல்ல படுத்திருந்தப்பவும் பதினாலாயிரம் நடந்திருக்கார். இப்பவும் நடக்கறார் அண்ணி. இன்னைக்கும்." கைபேசியைக் காட்டினார்.

அண்ணி அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு ஜோடி காலணியைக் கொண்டு வந்து அவர் காலடியில் கவிழ்த்து வைத்தாள். பெரியவரின் நடைக் காலணி. மூன்று வருஷத்துக்கு முன் வாங்கியது. அடிப்பாகத்தில் ஒரு கோடுகூடத் தேயவில்லை. வலது காலின் குதிகாலில் கடைக்காரன் ஒட்டிய அளவுச் சீட்டு அப்படியே இருந்தது.

"வாராவாரம் இதத் துடைச்சு வைக்கறவ நான்தானே" என்றாள் அண்ணி. "முதல் வாரமே தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"என்னன்னு பேசச் சொல்றீங்க? ஊரே நடைக்காரர்னு கொண்டாடுது. நீங்க உங்க ஆளுங்ககிட்ட பெருமையடிச்சுக்கிறீங்க. நான் போய், என் புருஷன் பொய் சொல்றார்னு சொல்லவா? இந்த வீட்டு மானம் என்ன ஆகும்?"

ஆறு மாதமாகச் சுருட்டி வைத்திருந்த காகிதம் சின்னவரின் நெஞ்சுக்குள் விரிந்து, சரசரத்தது.

வெள்ளிக்கிழமை காலை, நடப்பது யார் என்று பார்க்க, ஏழரை மணிக்கே இருவரும் அந்தக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். காவலாளியைத் தவிர யாருமில்லை. கீழ்த்தளப் படிக்கட்டின் பக்கம் ஆளுயரப் படத்தில் பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, "ஒரு கோடிக்கும் மேற்பட்ட காலடிகள்" என்று எழுதியிருந்தது.

மேலே எங்கோ காலடிச் சத்தம் கேட்டது. நிதானமான சத்தம். ஒரு படி, ஒரு நிறுத்தம், ஒரு படி. சின்னவரின் கையில் கைபேசி அதிர்ந்தது.

"பெரியவர் இன்று 5,902 காலடிகள்..."

அண்ணி அவர் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சத்தம் இறங்கி இறங்கி வந்தது. திருப்பத்தில் முதலில் ஒரு வாளி தெரிந்தது. பிறகு ஒரு துடைப்பான். பிறகு ஐம்பது வயதுள்ள ஒல்லியான துப்புரவுக்காரம்மா. அவள் இடது கையில், சட்டைக் கைக்குக் கீழே, கறுப்பாக ஒரு பட்டை.

அண்ணியைப் பார்த்ததும் அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். அடக்கத்தன்று தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

"அம்மா, நான் திருடலைங்கம்மா. ஐயாதான் குடுத்தாரு. 'நீ எப்படியும் பதினெட்டு மாடியும் ஏறி இறங்கற, இதையும் கட்டிக்கிட்டு நட'ன்னாரு. நான் கேக்காம கழட்டாதேன்னாரு."

"அவர் போன பிறகும் ஏன்ம்மா கழட்டல?" என்றார் சின்னவர்.

"யார்கிட்ட குடுக்கறதுங்க? குடுத்தா ஐயா பேரு கெட்டுப்போகும். என் வேலையும் போயிடும்." அவள் பட்டையைத் தடவினாள். "அதுவுமில்லாம, கழட்டி வெச்சா அவரு நின்னுட்டாப்ல ஆயிடுமேன்னு இருந்துச்சு. நல்ல மனுஷருங்க. தீபோல இருக்கற வெயில்லயும் வெளிய போய் நடக்கறேன்னு சொல்லிட்டு, ஸ்டோர் ரூம்ல உக்காந்து சாப்பிடுவாரு. வீட்டுல இருந்து வர்ற காய்கறி டப்பாவ எனக்குக் குடுத்துடுவாரு. பொரிச்சது, கேக்கு, கலர் பாட்டில், எல்லாம் ஃபோன்ல சொல்லி வரவழைப்பாரு. அந்தக் குப்பைக் கூடைய தினம் கொட்டினவ நான்தானே. ஒரு நாள் மாத்திரை அட்டை ஒண்ணு கிடந்துச்சு. பிரிக்கவே இல்ல. ஐயா, இது சர்க்கரை மாத்திரை, எங்க வீட்டுலயும் இருக்குன்னேன். 'வெளிய சொல்லாதம்மா, எங்க வீட்டுக்கு அசிங்கம்'னாரு."

அண்ணி சுவரில் சாய்ந்தாள். மூன்று வருஷம் அவள் விடியற்காலையில் எழுந்து நறுக்கிய காய்கறி அத்தனையும் அந்த ஒரு நொடியில் அவள் முன்னால் வந்து நின்றது.

"நான் குடுத்த டப்பாவ நீங்களாவது சாப்பிட்டீங்களே" என்றாள் கடைசியில். "உப்பு சரியா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் துப்புரவுக்காரம்மா அழுதுவிட்டாள்.

ஒன்பது மணிக்குக் கூடம் நிறைந்தது. மனிதவள அதிகாரி நடைக்காரரைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கேடயத்தை வாங்க அண்ணியை அழைத்தபோது சின்னவர் அதிகாரியின் காதில் விஷயத்தைச் சொன்னார். அவர் வியர்த்துப்போனார்.

"சார், இத வெளிய சொல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது. உங்க குடும்ப கௌரவமும் இருக்கு, கம்பெனி பேரும் இருக்கு."

சின்னவர் ஒரு கணம் தயங்கினார். அந்தக் கணத்தில் அண்ணி மேடையேறிவிட்டாள். கேடயத்தை வாங்கினாள். வாசலில் வாளியோடு நின்ற துப்புரவுக்காரம்மாவைக் கைநீட்டி அழைத்தாள். அவள் வரவில்லை. அண்ணியே இறங்கிப் போய்க் கேடயத்தை அவள் கையில் வைத்தாள். பிறகு அங்கே நின்றபடியே பேசினாள். அவள் முதுகு வளையவில்லை.

"மூணு வருஷமா நடந்தது இந்தம்மா. என் வீட்டுக்காரர் நடக்கல. அவருக்கு சர்க்கரை இருந்துச்சு, மறைச்சார். அவர் நடக்கலன்னு எனக்குத் தெரியும், நானும் மறைச்சேன். இந்தம்மா வேலைக்கு எந்தக் குறையும் வரக் கூடாது. இதச் செய்யச் சொன்னது எங்க வீட்டு ஆள்."

அண்ணி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டு கௌரவம் இந்தம்மா கால்ல தினமும் பதினெட்டு மாடி ஏறிச்சு. அவர் உடம்பு மட்டும் நாற்காலியிலயே உக்காந்திருந்துச்சு. மானத்தக் காப்பாத்திட்டேன். மனுஷனக் காப்பாத்தல. உடம்புக்கு ஒண்ணுன்னா வாய் திறந்து சொல்லுங்க. நோவு வர்றது அவமானம் இல்ல, மறைக்கறதுதான் அவமானம். நமக்கு பதிலா யாரும் நடக்க முடியாது. நமக்கு பதிலா வேற யாரோ நல்ல சாப்பாடு சாப்பிட்டா நம்ம உடம்பு தேறாது."

துப்புரவுக்காரம்மா அவளைப் பார்த்தாள். "கழட்டிடட்டுமாம்மா?"

"கழட்டுங்க" என்றாள் அண்ணி. "போதும்."

அன்று மாலை சின்னவர் வரைபடக் குழலோடு வீட்டுக்கு வந்தார். சுருண்டிருந்த அறிக்கையை மேசையில் விரித்தார். அது மறுபடி மறுபடி சுருண்டது. மனைவி வெள்ளரிக் கிண்ணத்தை அதன் ஓரத்தில் வைத்து நிறுத்திவிட்டு, படித்தாள்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசம்."

அவள் எழுந்து போய் வாசலில் இருவரின் செருப்பையும் எடுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை ஏழரை மணி. சனிக்கிழமை, வேலை நாள். கிண்ணம் இந்த முறை ஒரே ஒரு தடவைதான் நகர்ந்தது. சின்னவர் ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டபோது கைபேசி ஒளிர்ந்தது. அவர் அதைக் கவிழ்க்கவில்லை. மனைவிக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

"பெரியவர் இன்று நடக்கவில்லை. நீங்கள்?"