துக்க வீட்டில் சிரித்தவர்

வார்டில் எல்லாருக்கும் அவள் மூளைக்காரம்மா. தலையில் அடிபட்டவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் பழக்கி, வீட்டு மனுஷர்களோடு மறுபடி ஒட்டவைக்கிற உளவியல் வேலை அவளுக்கு. "நான் ஊசி போடுற டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாள். அவள் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் மூளை இருக்கும். துண்டு துண்டாகக் கழற்றி மாட்டலாம். அதைக் கையில் எடுத்துவிட்டால் போதும், அவளை நிறுத்த ஆள் கிடையாது.

ஆனால் அவளிடம் பயிற்சிக்கு வந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு மட்டும் அந்த மூளை தேவைப்படவே இல்லை. தனக்கு வந்த கோளாறை அவரே சொல்லிவிட்டார்.

"அழுகைன்னு பட்டனை அமுத்துறேன் மேடம். போய் சிரிப்பு மாடியில கதவு தொறக்குது. வயரிங் மாறிப்போச்சு."

அவ்வளவுதான் விஷயம். பக்கவாதம் இடது கையையும் காலையும் முடக்கியதோடு நிற்காமல் இந்த வேலையையும் பார்த்துவிட்டுப் போயிருந்தது. சங்கடமான பேச்சு வந்தால் போதும், மனுஷருக்குச் சிரிப்பு பீறிட்டு வரும். வார்டில் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். துக்க வீட்டில் யார் பொறுப்பார்கள்?

போன மாதம் அவருடைய அக்கா வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். மனைவி சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் இவர் வாய்விட்டுச் சிரித்தார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போதாக்குறைக்கு, மாமாவுக்கும் இவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "மேல கீழ போய் வர்றதெல்லாம் ஒரு வேலையா?" என்று மாமா எப்போதோ நாலு பேர் நடுவில் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அம்மா இல்லாத வீட்டில் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அந்த அக்கா. அன்றிலிருந்து அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். பயிற்சிக்கும் சரியாக வருவதில்லை.

"அக்கா பேசலைன்னா எனக்கு எதுக்கு மேடம் இந்தக் கை கால்?" என்றார்.

மூளைக்காரம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவளே அக்காவுக்கு போன் போட்டாள். ஒருமுறை வைத்துவிட்டாள் அக்கா. மறுமுறை, "தம்பி பொண்டாட்டி முகத்துக்காக வரேன்" என்றாள்.

வந்தாள். மனைவியோடு அங்கே இருந்த தம்பி பக்கம் திரும்பாமல், கைப்பையை மடியில் வைத்து, எந்த நேரமும் எழுந்து போய்விடுகிறவள்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மூளைக்காரம்மா உடனே பிளாஸ்டிக் மூளையை எடுத்துக்கொண்டாள். பாவம், நல்ல மனசோடுதான் எடுத்தாள். இது உணர்ச்சி, இது அதற்குக் கடிவாளம், கடிவாளம் அறுந்தால் முகம் ஒன்று காட்டும், மனசு வேறொன்று நினைக்கும் என்று மூச்சுவிடாமல் விளக்கினாள். நடுவில் ஒரு துண்டு கழன்று அலமாரிக்கு அடியில் உருண்டு போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிம்மா. மனசுல இருக்கிறதுதானே மூளைக்கு வரும்? இல்லாதது எங்கிருந்து வரும்?"

  மூளைக்காரம்மா பிளாஸ்டிக் மூளையை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் லிஃப்ட் மெக்கானிக் துண்டை இறக்கினார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே தோளைத் தளர்த்தினார், தாடையைத் தளரவிட்டார், மூச்சை நீளமாக வெளியே விட்டார்.

"அக்கா... மாமாகிட்ட நான் கடைசியா ஒரு வார்த்தைகூட..."

அதற்குமேல் முடியவில்லை. சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. கண்ணைச் சுருக்கி, தோள் குலுங்க, அறை முழுக்கச் சிரித்தார். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கதவருகே போய்விட்டாள்.

"இருங்கம்மா!" மூளைக்காரம்மா தன்னையறியாமல் கத்திவிட்டாள். "இது தானா அடங்கும். அன்னைக்கும் அடங்குறதுக்குள்ளதானே அனுப்பிட்டீங்க? இன்னைக்கு முடியற வரைக்கும் நில்லுங்க. அப்புறம் போங்க, நான் தடுக்க மாட்டேன்."

அக்கா கதவுப் பிடியில் கை வைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. கடைசியில் நின்றது.

ஹிக்.

அக்காவின் கை பிடியிலிருந்து நழுவியது.

ஹிக். ஹிக்.

அவள் திரும்பினாள். "அன்னைக்கும் விக்குனானா?" தம்பி மனைவியைத்தான் கேட்டாள்.

"ஆமா அண்ணி. கார்ல ஏத்தினதும் ஆரம்பிச்சது. வீடு வர்ற வரைக்கும் நிக்கலை."

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "இவன் சின்னதுல வயிறு வலிக்கச் சிரிப்பான்மா. ஒரு நாளும் விக்கினதில்லை. அழுதா மட்டும்தான் விக்கும். எங்கம்மா போனப்போ என் மடியில கிடந்து விடிய விடிய விக்கினான்." தம்பி பக்கம் திரும்பினாள். "கொஞ்ச நேரம் உன்னை உட்கார வச்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமேடா. துரத்திவிட்டுட்டேனே."

பைக்குள் கையை விட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். தம்பியின் வாயோரம் ஒழுகாமல் சாய்த்துப் பிடித்துக் குடிக்க வைத்தாள். தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கை தலையில் பட்டதும் அவருக்கு மறுபடி பீறிட்டது. முன்னைவிடப் பெரிய சிரிப்பு. அவர் பதறிப்போய்த் துண்டைத் தேடினார். அக்கா அதைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அடக்காதடா. நல்லா அழு" என்றாள்.

மூளைக்காரம்மா அலமாரிக்கு அடியில் போன மூளைத் துண்டைத் தேடுகிற சாக்கில் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, சத்தம் கேட்டு வந்த வார்டு உதவியாளர் கதவைத் திறந்து பல்லெல்லாம் தெரிய எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, ஒரே கும்மாளமா இருக்கு? ஜோக்கை எனக்கும் சொல்லக்கூடாதா?"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்துக் குலுங்குகிற தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"என் தம்பி அழுதுட்டு இருக்கான்" என்றாள். "கதவைச் சாத்திட்டுப் போப்பா."