அப்பன் வழி நாற்றம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவளுக்குப் பிறந்த மகள், பிறந்த நிமிடத்திலிருந்தே ஊறிய மாட்டுத்தோலைப் போல நாறினாள். அது அப்பனின் நாற்றம். அவன் தோல் பதனிடும் ஆலையில் சவ்வு சுரண்டுகிறவன். அடி பொறுக்க முடியாமல் அம்மா அவனை வீட்டைவிட்டுத் துரத்தியபோது மகளுக்கு மூன்று வயது. அவன் போய்விட்டான், வாடை போகவில்லை. சுண்ணாம்பும் அழுகிய கொழுப்பும் சாராயமும் கலந்து, ஒரு பிசகும் இல்லாமல் மகளின் அக்குளிலிருந்து வீசிக்கொண்டிருந்தது.

அம்மா நாளொன்றுக்கு முந்நூறு படுக்கை விரிப்புகளை வெளுக்கிறவள். சீழ், ரத்தம், மலம் எதற்கும் மூக்கைச் சுளித்ததில்லை. பெற்ற மகளைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. வெளுப்புத்தூளைக் கரைத்துத் தோல் கன்றிப்போகத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அந்தத் தண்ணீர் ஓடிய சாக்கடையில் தெருநாய்கள் வந்து புரண்டன. மகள் சாய்ந்து உட்காரும் சுவரில் பிசுக்கு வழிந்தது. பள்ளிக்கூடம் விட்டால் முதலில் வாடை வரும். பத்து நிமிடம் கழித்து மகள் வருவாள். அதற்குள் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள்.

"நான் என்னம்மா பண்ணேன்?" என்று மகள் ஒரே ஒரு முறை கேட்டாள்.

"எதுன்னாலும் அங்கயே நின்னு பேசு," என்றாள் அம்மா.

பத்தொன்பதாவது வயதில் மகள் மூன்று நாள் பிணம் போல நாறினாள். நான்காம் நாள் தகவல் வந்தது: அப்பன் ஏதோ ஒரு வாடகை அறையில் செத்துக் கிடந்திருக்கிறான், மூன்று நாள் யாரும் பார்க்கவில்லை. அவனைப் புதைத்ததும் பழைய தோல் வாடையே திரும்பி வந்தது. பிறகு மகள், பெயின்ட் அடித்து அடித்து மூக்கு செத்துப்போன ஒருவனைக் கட்டிக்கொண்டாள். ஆண் குழந்தை பிறந்தது. அம்மா அதை உள்ளங்காலிலிருந்து உச்சிவரை முகர்ந்து பார்த்தாள். வெறும் பச்சைப்பிள்ளை வாசம்.

சந்தோஷம் தாங்காமல் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பரிசோதிக்கிறவரிடம் போய்ச் சொன்னாள். அவர் ரத்தக் குப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது அப்படித்தாங்கா. சில மரபணு அப்பன் குடுத்தா பேசும், அம்மா குடுத்தா வாய மூடிக்கும். எழுத்து ஒண்ணுதான், மேல குத்துற முத்திரை வேற. எலிக்கும் இப்படி உண்டு, சோளத்துக்கும் உண்டு. ஆனா ஒழிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. பையன்கிட்ட அது தூங்கிட்டு இருக்கலாம். அவன் அப்பனாகுறப்ப பழைய முத்திரைய அழிச்சுட்டுத் தன்னோடதக் குத்திடுவான்."

"அப்ப அந்த நாய் இன்னும் சாகல," என்று அம்மா காறித் துப்பினாள்.

இருபத்தாறு வருடம் கழித்து அந்தப் பையனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறையிலிருந்து நர்சு வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். மகள்தான் முதலில் உள்ளே போனாள். குழந்தையின் கழுத்து மடிப்பில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். தன்னைப் போல நாறுகிற இன்னொரு உயிரை அவள் அன்றுதான் பார்த்தாள். பிறகு அதைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"புடிம்மா."

அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு வாங்கினாள். எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்? விட்டு, ஆழமாக இழுத்தாள். கண்ணில் நீர் முட்டியது. குழந்தை வீறிட்டு அழுதது. குமட்டல் நிற்கவே இல்லை. குழந்தை தூங்கும்வரை அவளும் அதைக் கீழே விடவில்லை.