கடைமடையில் ஒரு ஸ்விட்ச்

நெட்வொர்க் பயிற்சி மாலை வகுப்பு முடிந்ததும் ஜெக்கரியா சார் என்னை நிறுத்தி, "பாபநாசத்துல ஒரு உரக்கடை. நெட்வொர்க் அடிக்கடி அறுந்துபோகுதாம். நாளைக்கு நீயே போய்ப் பாரு இசைவாணி" என்றார். "நான் மட்டுமா சார்?" என்றேன். "நீ மட்டும்தான்" என்றார். அன்று ராத்திரி வகுப்பு நோட்டை இரண்டு தடவை படித்தேன்.

கடை, செந்தாமரை அக்காவுக்கும் அவர் தம்பி செல்லதுரைக்கும் பொது. தம்பி முன்னால் கல்லாவில். அக்கா பின்னறையில் பில் போடுகிறார். பில் கணக்கெல்லாம் தம்பியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பின்னறையிலிருந்து கேபிள் வழியாக அதைத் திறந்தால்தான் அக்காவால் பில் அடிக்க முடியும். சம்பாவுக்கு உரம் வாங்க வந்த கூட்டம் வாசல்வரை நின்றது.

"சார் வரலையா?" என்று கேட்டார் செல்லதுரை.

"நான்தாங்க வந்திருக்கேன்."

"அது தெரியுதும்மா. சார் வரலையான்னு கேட்டேன்."

அக்கா என் கையைப் பிடித்துக் கல்லா மேசையடியில் இருந்த ஸ்விட்ச்சிடம் கூட்டிப்போனார். இது விளக்குப் போடுகிற ஸ்விட்ச் அல்ல. கடையின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சின்னப் பெட்டி. எந்தக் கம்ப்யூட்டருக்கு உரிய செய்தியோ, அதை அந்தக் கேபிளில் மட்டும் அனுப்பும். கேபிள் செருகும் துளைக்கு போர்ட் என்று பெயர். இதில் எட்டு போர்ட்.

"நல்லாப் பாரு பாப்பா. ஒண்ணாம் நம்பர்ல அவன் வயரு. எட்டுல என் வயரு. அப்பா நெலத்தைப் பிரிச்சப்பவும் தலைமடை அவனுக்கு, கடைமடை எனக்கு. அவன் வயலு ரொம்பி வழிஞ்சப்புறம்தான் எனக்குத் தண்ணி. இங்கயும் அதே கதை. மத்தியானம் ஆனா எனக்கு நெட்டு வராது."

"அக்கா, அது வெறும் பொட்டிக்கா" என்றார் தம்பி.

"வாய்க்காலும் வெறும் வாய்க்கால்தான்டா. மம்பட்டி யாரு கையில இருக்குங்கறதுதான் விஷயம்."

எதிர்ச்சாரியில் கலந்தர் பாயின் கடை காலியாக இருக்கிறதாம். சாயந்திரம் அவர் சாவியோடு வருவார், அதற்குள் இது சரியாகாவிட்டால் தனிக்கடை போட்டுவிடப் போவதாக அக்கா சொன்னார். சிரிக்காமல் சொன்னார். செல்லதுரையும் அப்போது சிரிக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஸ்விட்ச்சில் தலைமடை, கடைமடை கிடையாது, எட்டு போர்ட்டும் சமம். நம்பிக்கை வரட்டும் என்று அக்காவின் கேபிளை ஒன்றிலும் தம்பியுடையதை எட்டிலும் மாற்றிச் செருகினேன். மாற்றும் முன் ஒரு தடவை, மாற்றிய பின் ஒரு தடவை, பெரிய விலைப்பட்டியல் ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். முன்பு எவ்வளவு நேரம் எடுத்ததோ அவ்வளவுதான் இப்போதும்.

"பாத்தீங்களாக்கா, ரெண்டும் ஒண்ணுதான்."

"ஆத்துல தண்ணி போறப்ப எல்லா மடையும் ஒண்ணுதான் பாப்பா. மத்தியானம் வரைக்கும் இரு."

இருந்தேன். செல்லதுரை சாப்பிட வீட்டுக்குக் கிளம்பினார். அவர் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைவதற்குள் பின்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "போச்சு!"

ஓடிப்போய் ஸ்விட்ச்சைப் பார்த்தேன். தம்பியின் போர்ட்டில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு நான் கொடுத்த ஒன்றாம் போர்ட் இருண்டிருந்தது. எட்டும் சமம் என்று அரைமணி நேரம் பாடம் நடத்தியவள் நான். எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

கேபிளை முனையிலிருந்து முனைவரை தொட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை என்று வகுப்பில் எழுதியிருக்கிறேன், அடிக்கோடும் போட்டிருக்கிறேன். செய்யவில்லை. இப்போது செய்தேன். நீலக் கேபிள் சுவரோரமாகப் போய், நடுவில் இருக்கும் செல்லதுரையின் ஓய்வறைக்குள் நுழைந்தது. மறுபக்கச் சுவரிலிருந்து சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. அப்படியானால் இது ஒரே கேபிள் அல்ல, உள்ளே ஏதோ ஒன்றில் இரண்டு கேபிள்கள் சேர்கின்றன.

அறை பூட்டியிருந்தது. அவருக்கு போன் செய்தேன்.

"அண்ணே, போகும்போது ரூம்ல ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணீங்களா?"

"ஆமாம்மா. எல்லா ஸ்விட்ச்சையும் அமத்திட்டுத்தான் பூட்டுவேன்."

"நெட்வொர்க் ஸ்விட்ச்சையுமா?"

"அது கல்லாவுல இல்ல இருக்கு? இங்க ஃபேன் ஸ்விட்ச், லைட் ஸ்விட்ச், பிளக் ஸ்விட்ச், அவ்வளவுதான்."

"அந்த பிளக்குல ஏதாவது மாட்டியிருக்காண்ணே?"

"கட்டிலுக்கடியில ஒரு குட்டிப் பொட்டி கெடக்கு. கேபிள் போட்டவன் வச்சான். வயரு நீளம் பத்தலைன்னான்."

"அதும் ஸ்விட்ச்தாண்ணே. நீங்க ஸ்விட்ச்சை அமத்தினா அந்த ஸ்விட்ச் அமந்துடும்."

"ஸ்விட்ச்சுக்கு எதுக்கும்மா ஸ்விட்ச்?" என்றார். பிறகு, "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கயேன்" என்றார்.

போனை அக்கா பிடுங்கிக்கொண்டார். "டேய், தெனம் மடையை அடைச்சுட்டுத்தான் சோறு திங்கப் போயிருக்க!"

"நான் ஃபேனை நிறுத்திட்டுப் போனேன்க்கா!"

"கூட்டம் நிக்குது. சாவியோட வா. கை கழுவிட்டு வா."

அவர் கை கழுவாமலே வந்தார். பிளக்கைப் போட்டதும் பின்னறைக்கு உயிர் வந்தது.

சாயந்திரம் கூட்டம் குறைந்ததும், ஒரே நீளக் கேபிளை நேராக இழுத்துவிட்டால் குட்டி ஸ்விட்ச்சே தேவையில்லை என்று சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார்.

"நேரா இழு. ஆனா அந்தப் பெரிய பொட்டி என் ரூமுக்கு வரட்டும்."

"அதுக்கு அவசியமே இல்லக்கா. கல்லாவுல இருக்கற இன்டர்நெட் மோடத்துக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கேபிள் இழுக்கணும்."

"ரெண்டு இழு. இனிமே அவனுக்கு என்கிட்டேர்ந்துதான் போவணும்."

செல்லதுரை வாயைத் திறந்தார். அதே நேரம் எதிர்ச்சாரியில் கலந்தர் பாய் சாவிக்கொத்தோடு சாலையைக் கடக்க நின்றார். ஒரு பஸ் போனது. செல்லதுரை பாயைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, கேபிள் எத்தனை மீட்டர் வேணும்?" என்று என்னைக் கேட்டார்.

பாய் உள்ளே வந்தபோது நான் ஸ்விட்ச்சை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சுக்குங்க பாய்" என்றார் அக்கா. "கடை வேணாம். இங்கயே இருந்துக்கறேன்."

"காலைல ஒரே முடிவா இருந்தியேம்மா?"

"இந்தப் பாப்பா வந்து எல்லாத்தையும் மாத்திப்புட்டா."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ செஞ்ச வேலைதானா இது?"

"ஆமாங்க" என்றேன். பெட்டியோடு பின்னறைக்குள் நுழைந்தேன்.