வேலியோரத்துத் தகப்பன்

ராஜமணித் தோட்டத்து முதலாளிக்கு மூன்று தலைமுறைப் பெருமை போதவில்லை. தன் ராஜமணித் திராட்சைக்கு அரண்மனைப் பூர்வீகம் உண்டென்று ஆய்வகம் சொல்லிவிட்டால், பழரசப் பாட்டிலில் கிரீடப் படத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம். கொடிகளின் மரபணுவைப் பார்த்துத் தாய் தகப்பன் சொல்லும் அந்த ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் அவருடைய மருமகள். வீட்டுச் சோறு தின்கிற விஞ்ஞானம் வீட்டுக்கு விரோதமாகப் பேசாது என்று நம்பினார்.

தோட்டத்து வேலியோரம் இன்னொரு திராட்சைக் கொடி படர்ந்திருந்தது. கழுதைப்புளி என்று பெயர். திருடனுக்காக நட்டது என்பது குடும்பக் கதை: வேலி தாண்டுகிறவன் முதலில் அதைத் தின்பான், பல் கூசும், ராஜமணிமேல் ஆசை விட்டுப்போகும். ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று மருமகள் அதிலும் இரண்டு இலை கிள்ளிப் போயிருந்தாள்.

முடிவு வந்த அன்று சாப்பாட்டு மேசையிலேயே கேட்டார்.

"சொல்லும்மா. எந்த அரண்மனையிலேருந்து வந்தது நம்ம கொடி?"

"அம்மா யாருன்னு தெரியல மாமா. எங்க பதிவுல இருக்கற கொடிகள்ல அவ இல்ல. அப்பா கிடைச்சுட்டார்."

"யாரு?"

"வேலியோரம் நிக்கறாரே, அவர்தான்."

அவள் கணவன் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தான்.

"கழுதைப்புளியா?" என்றார் முதலாளி.

"பாதி அதுதான். எந்த ஆய்வகத்துல கொடுத்தாலும் இதையேதான் சொல்வாங்க."

"அந்த இலை கையில கிடைச்சாத்தானே சொல்வாங்க."

"மாமா, அதைத் தொட்டுடாதீங்க. இன்னொண்ணும் தெரிஞ்சிருக்கு. ராஜமணிக்குப் பூவெல்லாம் பெண் பூ. அதோட சொந்த மகரந்தம் எதுக்கும் உதவாது. காய் பிடிக்கணும்னா மகரந்தம் வேலியிலேருந்துதான் வரணும். இத்தனை வருஷமும் அப்படித்தான் வந்திருக்கு. வேலி போச்சுன்னா விளைச்சல் போச்சு."

தகப்பன் என்பதையே விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்த மனிதர் இதையும் கேட்டார். ராஜா என்று பெயர் வைத்தது பெண்ணாம்; அதற்கு ஆண்துணை கழுதையாம். நிதானமாகக் கை கழுவினார்.

"படிச்சவ பேசற பேச்சா இது? நாளைக்கு மேஸ்திரிய வரச் சொல்லு" என்று மகனிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அறைக்குள் வந்ததும் கணவன் சொன்னான்: "அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு."

"என்ன நியாயம்?"

"என்னன்னெல்லாம் கேட்காதே. இருக்கு."

இலையுதிர்ந்த காலம். நிற்கிற கொடிக்கும் செத்த கொடிக்கும் வித்தியாசம் தெரியாது. மேஸ்திரி ஆட்களோடு வேலியோரம் தோண்டினார். "வேரு ராஜமணிக்கு அடியிலயும் ஓடுதுங்கய்யா, எங்க நிறுத்தறது?" என்று கேட்டார். கண்ணில் படுகிற வரைக்கும் என்றார் முதலாளி. அங்கேயே கொளுத்தினார்கள். ஈரக் கட்டை, நாள் முழுக்கப் புகைந்தது.

விஷயம் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் பள்ளத்தாக்கில் இருந்த எல்லாத் தோட்டங்களிலும் ராஜமணிதான். எல்லாம் இவர் தோட்டத்திலிருந்து போன குச்சிகள்; வேலிக்கென்று கழுதைப்புளியும் கூடவே போயிருந்தது. எனவே எல்லோருக்கும் ஒரே தகப்பன். செய்தி எப்படியோ கசிந்தது. அடுத்த வாரம் மேற்கே ஒரு புகை எழுந்தது. பிறகு ஆற்றுக்கு அப்பால் ஒன்று. வேலியைச் சீர்படுத்துகிறோம் என்றார் ஒருவர். பூச்சி விழுந்துவிட்டது என்றார் இன்னொருவர். குலப் பெருமையைக் காப்பாற்றுவதில் அந்தப் பள்ளத்தாக்கு அதற்கு முன் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. மருமகள் ஆய்வக ஜன்னலில் நின்று, ஒவ்வொரு புகையாக அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு குச்சி போதும், எங்காவது வளர்த்துவிடலாம் என்று தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினாள்.

"எங்க வேலியில அந்த மாதிரி எதுவும் என்னைக்குமே இருந்ததில்லம்மா" என்றார் ஆற்றங்கரைத் தோட்டக்காரர். அவர் காலடியில் புதிதாகத் தோண்டிய குழியில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது.

கழுதைப்புளி என்று உலகத்தில் மிஞ்சியது, அவளுக்குத் தெரிந்தவரை, ஆய்வகக் குளிர்பெட்டியில் ஒரு குழாயின் அடியில் அந்த இரண்டு இலையிலிருந்து எடுத்த ஒரு சொட்டு மரபணு. அது பூக்காது.

பருவம் வந்தது. முதலாளி அறுவடைக்குப் பெரிய மனிதர்களையெல்லாம் அழைத்திருந்தார். புதுப் பாட்டில்கள் வந்து இறங்கியிருந்தன, புது வரியோடு. ராஜமணி அந்த வருஷம் பூத்ததுபோல் என்றும் பூத்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் தினமும் வரிசை வரிசையாக நடந்தாள். தேனீக்கள் வந்தன, கொஞ்ச நேரம் சுற்றின, போய்விட்டன. காற்று நன்றாகவே வீசியது, எதையும் கொண்டுவராமல்.

பிறகு உதிர ஆரம்பித்தது. சத்தம் இல்லை. காலையில் இலைகளின்மேல் பச்சைத் தூசி மாதிரி படிந்திருந்தது. சாயங்காலம் தரையே தெரியவில்லை. மேஸ்திரி ஒரு கொத்தைப் பிடித்து லேசாகத் தட்டினார். வெறும் காம்பு கையில் நின்றது.

"உசந்த ஜாதிக் கொடி கண்டபடி காய்க்காது" என்று முதலாளி ஆட்களிடம் விளக்கினார். மகன் தலையாட்டினான். ஆட்கள் அறுவடைக்கென்று அடுக்கி வைத்திருந்த கூடைகளைப் பார்த்தார்கள்.

எல்லோரும் போன பிறகு அவர் மருமகள் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டைத் தோளில் பூ உதிர்ந்திருந்தது. தட்டிவிடவில்லை.

"ஏம்மா, உங்க ஆய்வகத்துல வேற மகரந்தம் கிடைக்குமா? வெளியில தெரியாம?"

"எங்ககிட்ட இருக்கறது இலைதான் மாமா. பூ இல்ல. வெளியூர்ல கேட்டிருக்கேன். வந்து சேர ஒரு வாரமாவது ஆகும்."

"இந்தப் பூ எத்தனை நாள் நிக்கும்?"

"நாளைக்கு இருந்தாப் பெரிசு."

அவர் வரிசைகளின் கடைசிவரை பார்த்தார். வேலி இருந்த இடத்தில் கம்பிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"வர்றது நல்ல குடும்பமா இருக்கணும்" என்றார். "அத மட்டும் சொல்லிடு."