இருபத்தொரு திசுக்களும் தஸ்தகீரின் பல்லும்

பர்மாவின் மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் தஸ்தகீர் விற்பது மாட்டுக் குடல், ஈரல், சுவரொட்டி, கழுத்துக் கறி. ஆனால் மருத்துவக் கல்லூரியில் அவர் மகள் ஸமீரா தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தது ஜவுளிக் கடை. ஒரே ஒரு பொய்தான். அதை இரண்டு வருடமாகத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

இப்போது அதைவிடப் பெரிய கவலை வந்து சேர்ந்திருந்தது. திசுவியல் வாய்மொழித் தேர்வில் ஒருமுறை தோற்றாயிற்று. கேட்டதற்கெல்லாம் திருதிருவென்று விழித்துவிட்டு வந்தாள். மறுதேர்விலும் விழித்தால் டாக்டர் படிப்புக்கு முழுக்குத்தான். நாக்கைப் பழக்குவதற்காகக் காலையில் சத்தம் போட்டுப் படித்தாள். குழாயடியில் குடல் கழுவிக்கொண்டிருந்த தஸ்தகீர் குரல் கொடுத்தார்.

"தமிழ்ல சொல்லும்மா. எனக்கும் பொழுது போவும்."

அப்படித்தான் ஸவியே பிஷா அந்த வீட்டுக்குள் வந்தார். இருநூறு வருடத்துக்கு முந்திய பிரெஞ்சு வைத்தியர். நுண்ணோக்கியை நம்பாதவர். உறுப்புகளைக் காயவைத்து, ஊறவைத்து, அழுகவிட்டு, வேகவைத்துப் பார்த்தே உடம்பில் இருபத்தொரு வகைத் திசுக்கள் உண்டு என்று எழுதியவர். முப்பது வயதில் செத்தும் போனார்.

"முப்பதா! பாவம், நேரத்துக்கு யாரும் சோறு போட்டிருக்க மாட்டாங்க" என்று தஸ்தகீர் உச்சுக் கொட்டினார். அடுத்த நிமிடமே முகம் மாறிவிட்டது. "கண்ணாடி இல்லாம தொட்டுப் பாத்து, வேகவச்சுப் பாத்து… இதத்தானம்மா நானும் முப்பது வருசமா செய்றேன்? எனக்கு எவனும் புஸ்தகம் போடலயே!"

தோல், சவ்வு, கொழுப்பு என்று விரல் விட்டு எண்ணினார். பதினாலோடு நின்றது. மீதி ஏழையும் பிரெஞ்சுக்காரன் சும்மா அடித்துவிட்டிருப்பான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் மனம் ஆறவில்லை. மறுநாள் ஒரு சட்டியில் மாட்டுக் கால் நரம்பு, இன்னொன்றில் கழுத்தில் ஓடும் மஞ்சள் நார் என்று இரண்டையும் அடுப்பில் ஏற்றிவிட்டார்.

கால் நரம்பு மூன்று மணி நேரத்தில் கரைந்து பசையானது. மஞ்சள் நாரோ பொழுது சாயும்வரை கொதித்தும் அசையவில்லை. "பெருநாளைக்குக்கூட இவ்வளவு கரி எரிச்சதில்ல" என்று ஸமீராவின் உம்மா ஃபக்ருன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். வெந்துவிட்டதா என்று தஸ்தகீர் கடித்துப் பார்த்தார். நார் அப்படியே இருந்தது. ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் ஒன்று நாரோடு வந்துவிட்டது.

ஸமீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் துணி பூரா வாடை, வாப்பா! காலேஜ்ல கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"ஜவுளிக் கடைன்னு சொல்லு" என்றார் தஸ்தகீர், வாயைக் கொப்பளித்துக்கொண்டே.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. அவருக்கு எப்போதிலிருந்து தெரியுமோ! புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தேர்வன்று இவள் முறை வரும்போது மின்சாரம் போயிற்று. நுண்ணோக்கி விளக்குகள் அணைந்தன. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்தார்கள். வெளியே வரிசையில் தோழிகள் நின்றார்கள். மாணவிகள் சயாமா என்று அழைக்கும் பேராசிரியை டோ கின் ஸான் கண்ணாடித் தகடுப் பெட்டியை மூடிவிட்டு பர்மியத்தில் கேட்டார்.

"சரி, பிஷா காலத்துக்கே போவோம். தசைநாண் ஒன்று, மீள்தன்மையுள்ள நார் ஒன்று. நுண்ணோக்கி இல்லாமல் எப்படிப் பிரித்துச் சொல்வாய்?"

படித்த ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. நினைவில் இருந்ததெல்லாம் கால் நரம்பும் மஞ்சள் நாரும் வெந்த இரண்டு சட்டிகள். அதைச் சொன்னால் ஜவுளிக் கடை போய்விடும். ஸமீரா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"வேகவைக்க வேண்டும், சயாமா. தசைநாண் மூன்று மணி நேரத்தில் பசையாகிவிடும். கழுத்து மஞ்சள் நார் நாள் முழுக்க வெந்தாலும் கரையாது. கடித்தால் பல்தான் போகும்."

"பல் போகும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

"புத்தகத்தில் இல்லை. என் வாப்பா சந்தையில் மாட்டுக் குடல் விற்கிறார். அவர் அடுப்பில் பார்த்தேன். பல்லும் அவருடையதுதான்."

வெளியே யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். டோ கின் ஸான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு பிஷாவைப் பற்றி இன்னும் நாலு கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் கடகடவென்று வந்தது.

வீட்டில் தஸ்தகீர் குழாயடியில் குந்தியிருந்தார்.

"பாஸ், வாப்பா."

"அல்ஹம்துலில்லா! என்ன கேட்டாங்க?"

"மஞ்ச நாரு. உங்க அடுப்புல பாத்தேன்னு சொன்னேன். கதவு தொறந்திருந்திச்சு. எல்லாருக்கும் கேட்டிச்சு."

தஸ்தகீர் குனிந்து, ஏற்கெனவே கழுவி முடித்த குடலை மறுபடியும் கழுவினார்.

"பாவம், அந்த பிஷா பேரயும் சொன்னியாம்மா?"

"சொன்னேன் வாப்பா. உங்களுக்கு அப்பறமா."