சுருட்டை விரியனின் சத்தம்

பாம்புப் பாடத்தை நான் நன்றாகத்தான் நடத்தினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைக் கேட்ட பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள்.

பாலைவனத்து நடுவே சோலார் பேனல்கள் வரிசை வரிசையாக நிற்கும் மின்நிலையம் எங்களுடையது. பேனல் கழுவுகிறவர்கள், வயர் இழுக்கிறவர்கள், காவலாளிகள் என்று எல்லோர் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு தகர அறை. நான்கைந்து வயதில் இருபத்திரண்டு உருப்படிகள், துணைக்கு ஓர் ஆயாம்மா, மேய்ப்பதற்கு நான். மூன்று வாரத்துக்கு முன்னால் குழாயடியில் ஒரு சுருட்டை விரியன் கிடந்தது. ஒரு முழம்கூட இருக்காது, மணலின் நிறம். கடித்தால் ரத்தம் உறையாமல் போய் ஆளையே கொண்டுபோய்விடும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் பயமுறுத்தாதீர்கள் என்றார். அது எப்படி என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இந்தப் பாம்பு வாயால் சீறுவதைவிட உடம்பால்தான் அதிகம் சத்தம் போடும். சுருண்டு கிடந்து செதிலோடு செதிலை உரசும். தச்சரிடம் இரண்டு உப்புத்தாள் வாங்கிவந்து ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினேன். சர்ர், சர்ர்.

"இந்தச் சத்தம் கேட்டா என்ன பண்ணணும்?"

"அங்கேயே நிக்கணும்! மிஸ்ஸக் கூப்பிடணும்!"

"புரிஞ்சுதா?"

எல்லாத் தலையும் ஆடியது. எப்போதும்போல முதலில் ஆடியது பட்டாணியின் தலை. பேனல் கழுவும் அம்மா ஒருத்தியின் மகள். காதில் மிஷின் வைத்திருக்கும் சின்ன உருண்டை. எது கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள், ஒரு தொந்தரவு கிடையாது. இவளைப் பார்த்துக் கத்துக்குங்க என்று மற்றவர்களிடம் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

பாடம் நன்றாக ஏறியதன் பலனை அடுத்த வாரமே அனுபவித்தேன். செருப்பை உரசினால் பாம்பு, பையின் ஜிப்பை இழுத்தால் பாம்பு. உயிரை வாங்கிவிட்டார்கள். வாலு என்று நான் பெயர் வைத்திருந்தவன் தச்சரிடமே போய் உப்புத்தாள் கேட்டிருக்கிறான்.

அன்று மதியம் சாப்பாடு முடிந்து எல்லோரும் பாயில் படுத்திருந்தார்கள். ஆயாம்மா பின்பக்கம் தட்டுக் கழுவப் போயிருந்தாள். பின்கதவை ஒட்டி நாற்காலியில் சாய்ந்து நானும் கொஞ்சம் கண்ணை மூடினேன். சர்ர், சர்ர்.

"வாலு, முதுகுல ரெண்டு வைப்பேன்."

"நான் இல்ல மிஸ்!"

"அப்ப யாரு? எல்லாரும் ரெண்டு கையையும் தூக்குங்க, பாப்போம்."

அரைத் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து எல்லோரும் தூக்கினார்கள். ஒரு கை மிச்சமில்லாமல் மேலே நின்றது. சத்தம் நிற்கவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். சத்தம் எதிர்மூலையில், முன்வாசல் பக்கத்துச் செருப்பு ரேக்கிலிருந்து வந்தது. அப்போதுதான் பார்த்தேன், ஒரு பாய் காலியாக இருந்தது. பட்டாணி கண்ணைக் கசக்கிக்கொண்டு ரேக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

தூங்கும்போது மிஷினைக் கழற்றித் தன் ஷூவுக்குள் வைக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். ஒருமுறை பாயில் கிடந்ததை யாரோ மிதித்துவிட்டதால் போட்டது. எழுந்ததும் நேராகப் போய் ஷூவுக்குள் கைவிட்டு எடுத்து மாட்டிக்கொள்வாள். சமர்த்து.

"பட்டாணி! நில்லு!"

கடைசி பேனல் வரைக்கும் கேட்கும் என்று தச்சர் கிண்டல் செய்கிற குரல் என்னுடையது. மூன்று தரம் கத்தினேன். அது அவளுக்குக் கேட்காது என்பது மூன்றாவது தரம் கத்திய பிறகுதான் மண்டையில் உறைத்தது. பாய்களைத் தாண்டி ஓடினேன். அதற்குள் அவள் கை உள்ளே போய்விட்டது. இடுப்போடு வாரித் தூக்கியபோது கீழ்த்தட்டில் அது சுருண்டு சுருண்டு உரசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

ஆயாம்மா பின்கதவு வழியாக மற்றவர்களை வெளியேற்றினாள். இறக்கச் சொல்ல ஆளில்லாததால் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டே வெளியே போனார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். பட்டாணியின் கட்டைவிரலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

"கடிச்சுதா?"

தலையாட்டினாள்.

"ஐயோ! பாம்பு கடிச்சுதாடா கண்ணு? இல்ல, கடிக்கலையா?"

அதற்கும் ஆட்டினாள், அதே சிரிப்போடு. மிஷின் ஷூவுக்குள், ஷூ ரேக்கில், ரேக்கில் பாம்பு. ஏதோ தோன்றிக் கேட்டேன்.

"நீ யானையா?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஒரு வருடமாக அவள் தலையாட்டியதெல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தது. உப்புத்தாள் சத்தம் உனக்குக் கேட்டதா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. தலை ஆடியது, எனக்கு அது போதுமாக இருந்தது.

முதலுதவி அறையில் நர்ஸ் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேஜைமேல் நிறுத்தினார்.

"இருபது நிமிஷம் யாரும் தொடக்கூடாது. உறைஞ்சா நல்லது. உறையலைன்னா விஷம் ஏறிடுச்சு. வண்டி அந்தக் கோடியிலேர்ந்து வரணும், அதுக்கும் அவ்வளவு நேரம் ஆகும். வந்ததும் எப்படியும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்."

ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரத் தொலைவு. குழாயைப் பார்ப்பதும் விரலைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். வீங்குகிறதா, இல்லை என் கண்தான் அப்படிக் காட்டுகிறதா? பட்டாணி காலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவள் அம்மா முழங்கால் வரை நனைந்த பேன்ட்டோடு ஓடிவந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளுக்கு எதிரே குத்தவைத்து, முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், அவள் கண் தன் வாய்க்கு வரும்வரை காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, விரலைத் தொட்டுக் கேட்டாள்.

"இது... எது... குத்துச்சு?"

பட்டாணி தலையாட்டவில்லை. "கம்பி" என்றாள். கையால் ரேக்கின் ஓரத்தை வரைந்து காட்டினாள். அம்மா இன்னும் ஏதோ கேட்டாள், அவளும் நிறையச் சொன்னாள். அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

"பாம்பு இல்லையாம்" என்றாள் அம்மா, நர்ஸைப் பார்த்து. "ரேக்குல ஒரு கம்பி நீட்டிட்டு இருக்காம். இந்தப் புள்ளி இன்னிக்குக் குத்துனது. இது நேத்து."

நர்ஸ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் முடிந்ததும் குழாயைச் சாய்த்தார். ரத்தம் கட்டியாக அடியிலேயே நின்றது. நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். எதற்கும் ஒருநாள் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும் என்று நர்ஸ் சீட்டு எழுதினார். காவலாளி பாம்பைப் பிடித்து டிரம்மில் அடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

வண்டி வந்தது. அம்மா மகளை ஏற்றிவிட்டு, கதவில் கை வைத்தபடி என் பக்கம் திரும்பினாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். குரலில் கோபம் இல்லை.

"நேத்தே உங்ககிட்ட வந்து விரலைக் காட்டினாளாம் மிஸ். கம்பி குத்துதுன்னு சொன்னாளாம்."

"என்கிட்டயா?"

"ஆமா. நீங்க சிரிச்சுக்கிட்டே தலையாட்டினீங்களாம்."

வண்டி போய்விட்டது. நேற்று அவள் எப்போது வந்தாள், நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் ஆட்டியிருப்பேன்.